மிலாறு வெளிச்சத்தில் காமன்

ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு நாடகம் போட என்ன வேண்டும் என்று கேட்டால், ஃபிளெக்ஸ் பேனரில் ஆரம்பித்து தெர்மகோல் தூண், ஜெனரேட்டர் என்று பட்டியல் நீளும். மறுநாள் காலையில் பேனரும் தெர்மகோலும் குப்பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. நீலகிரிக்காரர்களுக்கு அந்தத் தடை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பழகிப்போனது. கடைக்கும் சுற்றுலாப் பேருந்துக்கும் உள்ள அந்தக் கண்டிப்பு மேடைக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை. அதைக் கற்றுக்கொள்ள நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. இலங்கையிலிருந்து வந்த தேயிலை மலைக்காரர்களின் காமன் கூத்து இருக்கிறது.

1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இலங்கையிலிருந்து இந்தியா வருவது என்று முடிவானது. வந்தவர்களில் பலருக்கு நீலகிரியில் வேலை கொடுத்தது 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம். பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது அதுதான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் குடியேறிய இவர்களின் முன்னோர், இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடிய கூத்து இது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பத் தேவர்கள் காமன் எனப்படும் மன்மதனை அனுப்புகிறார்கள். அவன் மனைவி ரதி போகாதே என்கிறாள். அவன் போகிறான், எரிகிறான். மாசி மாதம் வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் நடக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் முறை கொஞ்சம் மாறும்.

என்னைக் கட்டிப்போடுவது அந்தக் கூத்தில் நெருப்பு பார்க்கும் வேலை. மலைப்பனியில் தப்பு மேளத்தின் தோல் தொய்ந்துவிடும். கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தி, தப்பைத் தீயின் மேல் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுகிறார்கள். விரலால் சுண்டிப் பார்க்கிறார்கள். மொத்தென்று கேட்ட தோல் கணீரென்று பேசும்வரை கூத்து காத்திருக்கும். அந்தக் காத்திருப்பே பார்வையாளரைக் கூட்டிவிடுகிறது. குளிருக்குக் கை நீட்டி நிற்பதும் அதே தீயிடம்தான். விறகுக்கும் வெளியே போக வேண்டாம். கவாத்து வெட்டிய மிலாறு தோட்டத்தில் எங்கும் கிடைக்கும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் அடுப்புகளில் எரிவதும் அதுதான்.

பழைய வழக்கத்தில் வெளிச்சமும் தீயிலிருந்தே வந்தது. பந்தத்தின் சுடர் ஒரு நொடி நின்றது போல அடுத்த நொடி நிற்காது. மன்மதனின் கிரீடத்திலும் புஜக்கீர்த்தியிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகளை அந்த அலையும் சுடரில் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர் தோளை லேசாகக் குலுக்கினால் போதும், உடம்பு முழுக்கப் பொறி பறக்கும். ஃபோகஸ் விளக்கின் அசையாத வெள்ளை ஒளியில் அதே சில்லுகள் செத்துக் கிடக்கும். குழல்விளக்கும் மைக்கும் கூத்துக் களங்களுக்குள் வந்துவிட்ட பிறகு நாம் இழந்தது சிக்கனத்தை மட்டுமல்ல, இந்த அழகையும்தான்.

உச்சக்கட்டத்துக்கும் தீதான் நாயகன். ஆமணக்கும் கரும்பும் வைக்கோலும் வறட்டியுமாக நிற்கும் காமன் பற்றி எரியும்போது ஊரே வெளிச்சமாகிறது. அது அடங்க அடங்க ரதியின் ஒப்பாரி எழுகிறது. ஒளியை எப்போது குறைப்பது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, வைக்கோல் தானே அளந்து தருகிறது. இதைவிடத் தேர்ந்த ஒளியமைப்பை நான் எந்த அரங்கிலும் பார்த்ததில்லை. கழித்துப்போட அங்கே மிஞ்சுவது சாம்பல். அதுவும் மண்ணுக்குப் போய்விடும். கிரீடமும் புஜக்கீர்த்தியும் பெட்டிக்குத் திரும்பி, வர்ணம் பூசி, சில்லு மாற்றி, அடுத்த மாசிக்குத் தயாராகும்.

பிரிட்டனின் நாடகக்காரர்கள் 2021-இல் 'தியேட்டர் கிரீன் புக்' என்றொரு வழிகாட்டியை வெளியிட்டார்கள். அரங்கப் பொருள்களில் பாதியாவது ஏற்கெனவே பயன்பட்டதாக இருக்க வேண்டும், 65 விழுக்காடாவது நாடகம் முடிந்தபின் வேறொன்றுக்குப் பயன்பட வேண்டும் என்பது அதன் முதல் படி. நல்ல விதி, இங்கும் வேண்டிய விதி. ஆனால் அரங்கத்தின் கரிம உமிழ்வைக் கணக்கிட்டவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, மேடையைவிடப் பார்வையாளர் வந்துபோகும் வண்டிகளே கூடுதல் புகை என்பது. காமன் கூத்து அந்தச் சிக்கலைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. ரதியும் மன்மதனும் லயம் லயமாக, வாசல் வாசலாக ஆடிக்கொண்டு வருகிறார்கள். ஜனங்கள் கதவைத் திறந்து நின்றால் போதும், விருப்பமுள்ளவர்கள் பின்னாலேயே நடக்கலாம்.

இதைப் பிடுங்கி மே மாதக் கோடை விழா மேடையில் நட்டுவிடக் கூடாது. அது வழிபாடு, மாசிக்கும் அந்த மண்ணுக்கும் உரியது. மலையில் நாடகம் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கட்டுமானத்தை. தோட்டப் பாதையிலேயே காட்சிகளைப் பிரித்துவைத்து நடக்க வைக்கலாம். அந்திக்கு முன் தொடங்கினால் பாதி நாடகத்துக்குச் சூரியனே விளக்கு. நான்கு பேர் தோளில் தூக்கிப்போகும் அளவுக்கு மட்டும் பொருள் என்று ஒரு வரம்பு போட்டுக்கொண்டால், எழுதுகிறவரும் இயக்குகிறவரும் முதல் நாளிலிருந்தே வேறு மாதிரி யோசிப்பார்கள்.