பத்துப் பேர், ஒரே செக்ரோல்

தமிழ்நாட்டு முதலீட்டு ஆலோசகர்களின் காணொளிகள் இலங்கையில் வட்டவளைத் தேயிலைத் தோட்ட லயங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. ஆளுக்கு ஆள் நேரடியாகக் கடன் கொடுப்பது அவர்களுக்குப் பிரியமான பாடம். கையிருப்பில் பத்தில் ஒரு பங்கைக் கடனாக விடு. அதையும் பலருக்குப் பிரித்து விடு. ஒருவர் ஏமாற்றினாலும் மற்றவர்களின் வட்டி ஈடுகட்டும். ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப் காசு கைக்கு வந்த தோட்டத்து ஆட்களிடம் இப்போது இதே கணக்கு ஒப்புவிக்கப்படுகிறது. பெயர்தான் புதிது, வட்டிக்கு விடுவது நமக்குப் பழசு.

கைமாற்றையும் சீட்டையும் நான் பழிக்கவில்லை. திடீர்ச் சாவுக்கு இரவோடிரவாகப் பத்தாயிரம் தருவது பக்கத்து லயக் காம்பரா, வங்கியல்ல. நுண்கடன் கம்பனிகளின் வாராந்த வசூலைப் பார்த்த பெண்களுக்கு இதன் அருமை தெரியும். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்து, வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் போட வேண்டிய நிலைக்கு அரசாங்கமே வந்தது. இவ்வளவும் சரி.

ஆனால் அந்தப் பத்தில் ஒன்று, எதில் பத்து? பிரித்தானிய நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2019 டிசம்பரில் அனுபவமற்ற முதலீட்டாளர்களுக்கு இதே 10 சதவீத வரம்பை விதித்தது. குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியத்தையும் கழித்துவிட்டு மீதியில்தான் அந்தப் பத்து. நம்மிடம் கழித்துப் பாருங்கள். காம்பரா தோட்டத்தினுடையது. ஈபிஎஃப்தான் ஓய்வூதியம். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற பணிக்கொடைக் கணக்கில், 2024இன் 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி 5,67,000 ரூபாய் வரும். அதுவும் முதுமைக்கான காசுதான். அதையும் கழித்தால் காதில் கிடக்கும் தோடு மிஞ்சும்.

இதைவிடப் பெரிய பிழை 'பலருக்குப் பிரித்து விடு' என்பதில் இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி ஆளுக்கு ஆள் கடன் கொடுக்கும் இணையத் தளங்களில் ஒருவர் இன்னொருவருக்கு 50,000 இந்திய ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. சேலத்து வியாபாரி நொடித்தாலும் புனேயில் வேலை பார்ப்பவர் கட்டுவார் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. நம் லயத்தில் பத்துப் பேருக்குக் கொடுத்தால்? பத்துப் பேரும் காலையில் வேலை பிரிக்கும் ஒரே பெரட்டுக்குப் போகிறவர்கள், சம்பளக் கணக்கான ஒரே செக்ரோலில் பெயர் விழுகிறவர்கள். ஆடி மழை அடித்துக் கொழுந்து குறைந்தால் பத்துப் பேருக்கும் ஒரே நாளில் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அது பத்துக் கடனல்ல, வானத்துக்குக் கொடுத்த ஒரே கடன்.

வானம் மட்டுமா? 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்த வருடம் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, அடுத்த வருடம் 250 மில்லியனுக்கு இறங்கியது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். மாதம் நூற்றுக்கு ஐந்து என்று வாங்கினாலும் வருடத்துக்கு 60தான். ஒரு தவணை தவறாமல் வசூலித்தவரும் அந்த வருடம் நட்டப்பட்டார்.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த பெரிய கங்காணிக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. ஆட்களின் சம்பளமே அவர் கையால் போனது. கடனைத் துண்டு என்ற சீட்டில் எழுதி ஆளையே அடுத்த தோட்டத்துக்குக் கைமாற்றினார்கள். 1921இல் துண்டு ஒழிந்தது, நல்லவேளை. ஆனால் தோட்டத்துக்குள் கடன் கொடுத்துச் செழித்தவர், சம்பளத்தைப் பிடித்துவைக்க முடிந்தவர் மட்டுமே என்பதை ஆலோசகர்கள் கவனிப்பதில்லை. ஓய்வுபெற்ற ஒரு பெண் என்ன செய்வார்? கடன் வாங்கியவளின் மகளுக்குச் சடங்கு என்றால் சீர்த்தட்டோடு அவரே முன்வரிசையில் போய் நிற்க வேண்டும்.

தளத்தின் வழியாக முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கலாமே என்பார்கள். 2005இல் இந்த வழியைத் திறந்த இலண்டன் சோப்பா நிறுவனமே வங்கி உரிமம் வாங்கிக்கொண்டு, 2021இல் அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

ஓய்வுபெற்ற அந்தப் பெண்ணின் மகனும் மருமகளும் அதே செக்ரோலில்தான் இருக்கிறார்கள். கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போகும் மாதத்தில்தான் அந்த வீட்டிலும் சம்பளம் குறையும். அரிசிக்காக அவர் தன் காசைத் திருப்பிக் கேட்கப் போவதும் அந்த மாதம்தான்.