தடுப்புக்கு முன் ஒரு நொடி

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் குளிர்காலம் வந்தால் புல்வெளியும் மணல்மேடும் சைக்ளோகிராஸ் என்னும் சைக்கிள் பந்தயத்தின் தடமாகிவிடும். அந்தச் சேற்றில் ஓட்டிப் பார்க்க வெளிநாட்டு அமெச்சூர்களும் வருகிறார்கள். அவர்கள் அங்கே முதலில் உற்றுப் பார்க்க வேண்டியது, சைக்கிளை விட்டு இறங்கும் அழகைத்தான்.

எதிரே பலகைத் தடுப்பு, 40 சென்டிமீட்டர் வரை உயரம். வலது காலைப் பின்புறமாகச் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவந்து, வேகம் குறையாமல் தரையில் கால்வைத்து ஓட வேண்டும். சைக்கிளைத் தூக்கித் தாண்டியதும் சீட்டில் தாவி ஏற வேண்டும். செங்குத்தான சேற்றுமேடு என்றால் சைக்கிள் தோளுக்குப் போய்விடும். கைதேர்ந்தவரிடம் சவாரி எங்கே முடிந்தது, ஓட்டம் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

டயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்வதேச விதிப்படி அதன் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆகவே சூட்சுமமெல்லாம் காற்றில்தான். ஃபிளாண்டர்ஸின் கொக்சைடெ தடத்து மணலில் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும். மிகவும் குறைத்தால் ரிம் அடிவாங்கும். பந்தயத்துக்கு முன் கட்டைவிரலால் டயரை அழுத்தி அழுத்திப் பார்ப்பது அதற்காகத்தான்.

2005, 2013 ஆண்டுகளில் உலக சாம்பியனான ஸ்வென் நைஸ் இறங்காமலே, சைக்கிளோடு எம்பித் தடுப்பைத் தாண்டியவர். அபாரம்தான். ஆனாலும் என் மனம் இறங்கி ஓடுபவர் பக்கமே.