வக்கீல் இல்லாதவரின் அகதி வழக்கு

ஒரு சட்டத்தை எடைபோட வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டியதில்லை. அது தனக்கென வைத்துக்கொண்ட நோக்கமே போதும். 1980இல் இயற்றப்பட்ட அமெரிக்க அகதிகள் சட்டத்தின் நோக்கம் தெளிவானது: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்ற ஐந்தில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சுகிறவரை அடையாளம் கண்டு காப்பது. அப்படி அஞ்சி வந்தவர் கையில் வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லை என்றால், அவரையும் இந்தச் சட்டம் அடையாளம் காண்கிறதா? இங்கே எடைபோடப்படுவது அது ஒன்றுதான்.

நிறையை முதலில் சொல்ல வேண்டும், அது சிறிதல்ல. துன்புறுத்தலுக்கான வாய்ப்பு பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் அச்சம் நியாயமானதாகலாம் என்பது 1987இல் கார்டோசா-ஃபொன்சேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும் என்பதை உணர்ந்த தீர்ப்பு. நம்பத்தகுந்த வாய்மொழிச் சாட்சியம் மட்டுமே போதுமானதாகலாம் என்று சட்டமும் சொல்கிறது. தப்பி ஓடி வருகிறவர் ஆவணங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு வருவதில்லை என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். குடியேற்ற நீதிமன்ற விசாரணையில் மொழிபெயர்ப்பாளரை அரசே தருகிறது.

வரையறையில் இருக்கும் இந்தப் பெருந்தன்மை நடைமுறையில் இல்லை. குடியேற்ற வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் அரசுச் செலவில் அல்ல என்று அந்தச் சட்டப்பிரிவே அடைத்துவிடுகிறது. திருட்டு வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசு வக்கீல் தர வேண்டும் என்பது 1963இலேயே கிடியன் வழக்கில் முடிந்துபோன விஷயம். நாடு கடத்துவது தண்டனை அல்ல, சிவில் நடவடிக்கை என்ற வகைப்பாட்டால் புகலிடம் கேட்பவருக்கு அந்தத் தீர்ப்பு உதவுவதில்லை. எதிர்த்தரப்பில் அரசுக்கு வக்கீல் உண்டு. முடிவு சொல்லும் நீதிபதியும் அதே அரசின் நீதித் துறை ஊழியர்.

ஐ-589 என்ற விண்ணப்பப் படிவத்தை ஒரு பிரதியாகவே வாசித்துப் பார்க்கலாம். 12 பக்கம். ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும். இணைக்கும் ஒவ்வொரு பிறமொழி ஆவணத்துக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். கடந்த ஐந்தாண்டு முகவரிகளையும் வேலைகளையும் மாதம், ஆண்டோடு கேட்கும் பகுதி வெறும் பட்டியல்போலத் தெரியும். ஆனால் 2005இன் ரியல் ஐடி சட்டத்துக்குப் பிறகு, வழக்கின் மையத்தைத் தொடாத ஒரு முரண்பாட்டைக் கொண்டும் விண்ணப்பதாரர் நம்பத்தகாதவர் என்று முடிவு கட்டலாம். முகவரியில் ஒரு மாதம் பிசகினால் சித்திரவதை பற்றிய சாட்சியமும் அதோடு சாயக்கூடும். அடுத்த பகுதி, என்ன நடந்தது, எப்போது, யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று கேட்கிறது. முதல் மூன்றும் அடிபட்டவருக்குத் தெரிந்திருக்கலாம். நான்காவது அடித்தவருக்குத்தான் தெரியும். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த நான்காவதில்தான்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு வழக்கு இதற்கு உரைகல். இலங்கைத் தமிழர் ஒருவர் 2017இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டிச் சுமார் 25 கஜம் தொலைவில் பிடிபட்டார். முழு விசாரணையின்றி வெளியேற்றும் விரைவு நடைமுறையில் அவருக்கு முதற்கட்ட நேர்காணல் நடந்தது. சிலர் தம்மைக் கடத்திக் கடுமையாக அடித்தார்கள் என்றார். அவர்கள் யார் என்று தெரியாது, ஏன் அடித்தார்கள் என்றும் தெரியாது என்றார். அதிகாரி அவர் சொன்னதை நம்பினார். ஆனாலும் கோரிக்கையை நிராகரித்தார். ஐந்து காரணங்களில் எதோடும் அந்த அடி பொருந்தவில்லை. பின்னர் வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் அதே சம்பவம் வேறு உருவம் கொள்கிறது: அவர் ஒரு தமிழ் வேட்பாளரின் ஆதரவாளர், வேனில் வந்தவர்கள் கடத்திச் சென்றார்கள், அரசியல் ஈடுபாட்டைப் பற்றி விசாரித்து விசாரித்து அடித்தார்கள். வேன், அடையாளம் சொல்லாத ஆட்கள் என்று தொடங்கினாலே மீதி ஈழத்தமிழருக்குத் தெரியும். கடத்தியவர் யார் என்று தெரியாமல் இருப்பதுதான் அந்த வகைக் கடத்தலின் இயல்பே. அதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. அவர் சொன்னது முழுவதும் உண்மையா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வருத்தம் என்னவென்றால், குடியேற்ற நீதிபதியைத் தாண்டி எந்த நீதிமன்றமும் அதற்குள் போகவில்லை. ஆட்கொணர்வு மனு வழியாக அந்த நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கோர அவருக்கு உரிமையில்லை என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் முடித்தது.

முழு விசாரணைவரை போகிறவருக்கும் சுமை குறைவதில்லை. சமூகக் குழுவின் அடிப்படையில் கோருபவர், அந்தக் குழுவின் துல்லியமான வரையறையை விசாரணை நீதிபதி முன்பே சொல்லிவிட வேண்டும் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2018இல் விதித்தது. பழைய தீர்ப்புகளைக் கரைத்துக் குடித்த வக்கீல்களே தடுமாறும் வேலை இது.

உழைத்துச் சம்பாதித்து வக்கீல் வைக்கட்டுமே என்றால், அதற்கும் வழியில்லை. விண்ணப்பம் கொடுத்து 180 நாள் ஆகாமல் வேலை அனுமதி கிடையாது என்பது நெடுங்கால விதி. அந்த நாள்கணக்கு தொடங்குவதே விண்ணப்பம் கொடுத்த பிறகுதான். ஆகவே வழக்கின் தலையாய ஆவணத்தைப் பணம் சேர்வதற்கு முன்பே, தாமே, எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு வரும் வக்கீல் அந்த முதல் எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். 2025 ஜூலைச் சட்டம், அதுவரை இலவசமாக இருந்த விண்ணப்பத்துக்கு 100 டாலரும், வழக்கு நிலுவையிலிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் 100 டாலரும் வைத்தது. முதல் வேலை அனுமதிக்கு 550 டாலர் என்று நிர்ணயித்தது. ஏழைக்குத் தள்ளுபடி இல்லை.

வக்கீல் இருப்பதால் உண்மையிலேயே முடிவு மாறுகிறதா? ‘அகதிச் சூதாட்டம்’ என்ற பொருள்படும் தலைப்பில் 2007இல் மூன்று சட்டப் பேராசிரியர்கள் வெளியிட்ட ஆய்வில், வக்கீல் உள்ளவர்களில் 45.6 விழுக்காட்டினரும் இல்லாதவர்களில் 16.3 விழுக்காட்டினரும் புகலிடம் பெற்றனர். இந்த எண்களை அப்படியே விழுங்கக் கூடாது. நல்ல வழக்காகப் பார்த்து வக்கீல்கள் எடுத்திருக்கலாம் என்ற மறுப்பு வலுவானது. அதற்குப் பதில் நியூயார்க்கில் இருக்கிறது. தடுப்புக்காவலில் உள்ள ஏழைகளுக்கு 2013 முதல் பொதுப்பணத்தில் வக்கீல் தரும் திட்டம், ஜெயிக்கிற வழக்கா என்று பார்த்துப் பொறுக்குவதில்லை. வேரா என்ற ஆய்வு நிறுவனம் 2017இல் வெளியிட்ட மதிப்பீடு, வக்கீல் இல்லாதபோது 4 விழுக்காடாக இருந்த வெற்றி 48 விழுக்காட்டை எட்டும் என்று கணித்தது. அது ஒரு கணிப்பு. புகலிடம் மட்டுமன்றி எல்லா வகை வழக்குகளையும் சேர்த்தது. இந்தத் தள்ளுபடிகளைக் கொடுத்த பிறகும் மிஞ்சும் இடைவெளி, மறுப்பை நிற்கவிடவில்லை.

செலவு என்ற வாதம் நேர்மையானதுதான். குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 30 லட்சத்துக்கும் மேல். இலவசமாக உழைக்கும் தொண்டு அமைப்புகளும் சட்டக் கல்லூரிகளும் இந்தக் குறையின் ஒரு மூலையைத்தான் மூட முடிகிறது. ஆனால் முடியாத காரியம் என்று சொல்ல இடமில்லை. பக்கத்துக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தகுதியுள்ள கோரிக்கையாளருக்குச் சட்ட உதவிப் பணத்தில் வக்கீல் கிடைக்கிறார். 2019இல் மாகாண அரசு அந்த நிதியை வெட்டியபோது கனடாவின் மத்திய அரசு 2.57 கோடி டாலர் தந்து காப்பாற்றியது. உறுதியற்ற ஏற்பாடு, ஆனாலும் ஏற்பாடு.

அமெரிக்கச் சட்டத்தின் வரையறை தேறுகிறது. அதன் விசாரணை முறை தேறவில்லை. வக்கீல் இருந்தால் மட்டுமே நிறைவேற்றக்கூடிய நிபந்தனைகளைப் போட்டுவிட்டு வக்கீலை மட்டும் விலைக்கு விடும் முறைக்குள் ஒத்திசைவு இல்லை. வக்கீல் இன்றித் தோற்றவரைப் பற்றி அது எழுதும் ‘அகதி அல்லர்’ என்ற முடிவை, அவரைப் பற்றிய உண்மையாக நாம் ஏற்க வேண்டியதில்லை.