சபைப்பாட்டும் 'நாங்கள்' என்னும் சொல்லும்: நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பை முன்வைத்து

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய வரலாற்று நூல்கள் தேம்பாவணியையும் பெத்லகேம் குறவஞ்சியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் விரிவாகப் பேசுகின்றன. ஞாயிறுதோறும் ஆலயத்தில் கூடியோர் அனைவரும் எழுந்து நின்று பாடும் சபைப்பாட்டுக்கோ ஒரு பத்தி கிடைத்தாலே மிகுதி. அப்பத்தியிலும் மொழிபெயர்ப்பு நடை, யாப்பமைதிக் குறை என்னும் இரு குற்றச்சாட்டுகளே பெரும்பாலும் இடம்பெறும். இவை பொய்யான குற்றச்சாட்டுகள் எனக் கூறவியலாது. ஆயினும் இவை பாட்டை எழுதியவரை நோக்கி எழுப்பப்படுபவை. பாடுவோரை இவை கணக்கில் கொள்வதில்லை. சபைப்பாட்டின் பொருளைப் பாடுவோரிடத்திலிருந்து தேட வேண்டும் என்பதற்குக் கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தைச் சூழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு தக்க களமாக அமைகிறது.

தமிழ்ச் சமய மரபில் கூடிப் பாடுதல் புதிதன்று. பாவைப் பாடல்கள் பன்மைக் குரலில் அமைந்தவை. திவ்வியப் பிரபந்தம் கோஷ்டியாகச் சேவிக்கப்படுகிறது. எனினும் தேவாரத்தை ஓதுவார் பாட, அடியார் கேட்பதே கோயில் வழக்கு. கோஷ்டியில் இடம்பெறுவோர்க்கும் வரையறை உண்டு. கூடியிருக்கும் ஆண், பெண், சிறுவர் அனைவரும், குரல்வளம் உடையோரும் இல்லாரும், ஒரே பாட்டை முதலிலிருந்து இறுதிவரை பாடுவதை வழிபாட்டின் இன்றியமையாக் கூறாக்கியது சீர்திருத்தத் திருச்சபை. செர்மனியில் 1524ஆம் ஆண்டு முதல் லூத்தரின் பாட்டுநூல்கள் இவ்வழக்கத்தைப் பரப்பின. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருக்குப் பின்வந்த பப்ரிசியஸ் முதலியோரும் அப்பாட்டுகளை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கினர்.

இம்மொழிபெயர்ப்பில் அதிகம் கவனிக்கப்படாத இலக்கணச் சிக்கல் ஒன்று உண்டு. செர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்லே உள்ளது. தமிழிலோ கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என இரண்டு உள்ளன. ஆகவே ஒவ்வோர் அடியிலும் பாட்டு யாரை நோக்கியது என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். ஒருவரையொருவர் அழைக்கும் இடத்தில் 'நாம்' வரும். இறைவனை முன்னிலைப்படுத்தும் இடத்தில் 'நாங்கள்' மட்டுமே வரவியலும். இறைவனுக்கு எதிரே நிற்கும் இந்த 'நாங்கள்', பாடும் அனைவரையும் உள்ளடக்குவது. அதற்குள் மேல் கீழ் என்னும் பகுப்புக்கு இலக்கணத்தில் இடமில்லை.

இலக்கணம் தந்த இவ்வுரிமையை ஆலயம் தந்ததா என்பது வேறு வினா. தஞ்சைச் சபையில் வேளாளரும் ஒடுக்கப்பட்டோரும் தனித்தனியே அமர்த்தப்பட்டனர். சரபோசி மன்னரின் அரசவையில் சிறப்புற்ற வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), 1829ஆம் ஆண்டளவில் புதிய மிஷனரிமாருடன் கடுமையாக முரண்பட்டார். தமிழ் வேதாகமத்தைத் திருத்தியதையும் தமிழிசைப் பாடல்களை வழிபாட்டிலிருந்து விலக்கியதையும் எதிர்த்த அவர், சாதி வேறுபாடின்றி நற்கருணை பெறவேண்டும் என வற்புறுத்தியதையும் அதே மூச்சில் எதிர்த்தார். கீர்த்தனையைக் காத்த கரமே பந்தி வேறுபாட்டையும் காக்க முனைந்தது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் சாஸ்திரியாரின் பாடல்களையும் உள்ளடக்கிக் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்ட பின்னர் அப்பாடல்கள் தமிழகச் சபைகளில் நிலைபெற்றன. இதனை மண்ணின் இசை பெற்ற வெற்றி எனப் பாராட்டுவோர் 1829இன் பூசலில் பாதியை மட்டும் நினைவுகூர்கின்றனர் எனல் தகும்.

வடிவ நோக்கிலும் இச்சிக்கல் தொடர்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைந்த கீர்த்தனை, பயிற்சி பெற்ற குரலுக்கு முதன்மை தருவது. சபையார் பல்லவியில் ஒன்றுசேர்ந்து சரணத்தில் தளர்வதை இன்றும் காணலாம். ஞானப்பாட்டிலோ ஓர் அசைக்கு ஒரு சுரம் என்னும் எளிய ஒழுங்கு உண்டு. தனிக்குரலுக்கென எதுவும் அதில் ஒதுக்கப்படவில்லை. இவ்வொழுங்கால் குறில் நீள்கிறது, சொல் பிளவுபடுகிறது, புலவர் செவிக்கு அது உறுத்தலாகிறது. ஆனால் இசையில் எழுத்துகள் தத்தம் மாத்திரையைக் கடந்து ஒலிக்கும் என்பதைத் தொல்காப்பியம் நூன்மரபின் இறுதி நூற்பாவிலேயே ஏற்றுக்கொண்டுள்ளது. யாப்பிலக்கணத்தைக் கையிலேந்தி ஞானப்பாட்டைக் குறை கூறுவோர் இந்நூற்பாவையும் உடன் வைத்து நோக்குதல் நலம்.

தஞ்சைச் சபையில் இருக்கை பிரித்த 'நாங்கள்', தங்கவயலில் வேறு நிலையை எய்துகிறது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய சுரங்கங்களுள் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் ஆகியன முதன்மையானவை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து இங்குக் குடியேறிய தொழிலாளருள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தார். ஊரில் சேரி எனத் தள்ளிவைக்கப்பட்டோர் இங்குக் கம்பெனியின் 'லைன்' வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியதும், அவருடைய 'தமிழன்' இதழ் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தே வெளிவந்ததும், தம்மைத் தாமே பெயரிட்டுக்கொள்ளும் வேட்கை இம்மக்களிடம் எத்துணை வலுப்பெற்றிருந்தது என்பதற்குச் சான்றுகள். கூடிப் பாடும் சபையை அவ்வேட்கையின் மற்றொரு வடிவமாகக் கொள்ளலாம். பல ஊர்களிலிருந்து பிரிந்துவந்தோர்க்கு 'நாங்கள்' எனச் சேர்ந்து சொல்ல ஓர் இடம் தேவைப்பட்டது.

இங்கு மூச்சையும் கருதவேண்டும். பாட்டு மூச்சால் ஆவது. சுரங்கமோ மூச்சைத் தின்பது. பாறையைத் துளைக்கும்போது எழும் தூசு நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் நோய், 1940 முதல் 1946 வரை கோலார் தங்கச் சுரங்கங்களில் பரிசோதிக்கப்பட்ட 7653 பேரில் 43.7 விழுக்காட்டினரிடம் கண்டறியப்பட்டது. தனிப்பாடகனுக்கு மூச்சு முடியும் இடத்தில் பாட்டும் அறும். சபைப்பாட்டில் ஒருவர் அடியின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கலாம். அருகிலுள்ளோர் அடியைத் தாங்கிச் செல்வர். அவர் மீண்டும் வந்து சேர்ந்துகொள்வார். பாட்டு அறுபடுவதில்லை. இசைவல்லுநர் நோக்கில் இது குறை. குரல்கள் ஒருங்கிசையவில்லை என்பர். நுரையீரல் கெட்ட தொழிலாளி நிற்கும் ஆலயத்தில் 'நாங்கள்' என்னும் சொல்லின் முழுப்பொருளும் இக்குறையில்தான் அடங்கியுள்ளது. 'ஏர் பிளாஸ்ட்' என அவ்வட்டாரத்தார் வழங்கிய பாறை வெடிப்புகளில் மாண்டோர் வீடுகளையும் உடன் எண்ணுதல் வேண்டும். சாவு வீட்டில் ஒப்பாரி தனிக்குரலின் இழப்பை உரைக்க, பாமாலை அவ்விழப்பைக் கூடியிருப்போர் அனைவர்மீதும் பகிர்ந்து வைக்கிறது. ஒன்று மற்றொன்றை விலக்கவேண்டும் என்னும் போதகர் சிலரின் கண்டிப்பு ஏற்கத்தக்கதன்று.

ஞானப்பாட்டா கீர்த்தனையா என்னும் பழைய வழக்கை வேறு தளத்துக்கு நகர்த்தியவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என அறியப்பட்ட இவர் 2005இல் மறைந்தார். கருநாடக இசையும் மேலைப் பாமாலையும் ஒடுக்கப்பட்டோரை நாணச் செய்வன என வாதிட்ட அவர், பாடுவோர் தாமே மாற்றிக்கொள்ளத்தக்க நாட்டுப்புற இசையே அவர்தம் இறையியலுக்கு உரியது என்றார். அவருடைய பணியை விரிவாக ஆராய்ந்த ஜோயி ஷெரினியனின் நூல் 2014இல் வெளிவந்தது. அப்பாவுவின் கருத்தில் வலுவான பகுதி, மாற்றிக்கொள்ளும் உரிமை பற்றியது. ஆனால் மெட்டின் பிறப்பிடத்தையே அளவுகோலாக்கினால் நந்திதுர்க்கை விளக்கவியலாது. தலைமுறைகளாகப் பாடிப் பாடி மெட்டைத் தேய்த்தும் சொல்லைத் திரித்தும் தமதாக்கிக்கொண்ட மக்களுக்கு அப்பாட்டு செர்மனியிலிருந்து வந்தது என்பதை நினைவூட்டுவதால் ஆவதென்ன?

2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் ஊராயிற்று தங்கவயல். தமிழ் வழிபாடு தொடர்கிறது. ஒலிபெருக்கியும் மின்னிசைக் கருவியும் பயன்படும் இன்றைய ஆலயங்களில் முன்நிற்கும் பாடகர் சிலரின் குரலே ஓங்குகிறது. புதிய பாடல்களில் 'நான்' பெருகியுள்ளது. இது தங்கவயலுக்கு மட்டும் உரிய மாற்றமன்று. ஆனால் அங்கு நிலத்தடியில் உழைத்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அச்சிட்ட பாட்டுநூலுக்கும் அவர்கள் வாயிலிருந்து வருவதற்கும் இடையிலுள்ள வேறுபாடுகளைப் பிழையென ஒதுக்காது, சுவடிகளின் பாடவேறுபாடுகளுக்குத் தரும் மதிப்பைத் தந்து ஒலிப்பதிவு செய்யும் பணியைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளவேண்டும். அவர்கள் மூச்சு வாங்கும் இடங்களும் அப்பதிவில் இடம்பெறவேண்டும்.