முல்லைப்பாட்டில் மீண்டவரும் மீளாதவரும்

பத்துப்பாட்டினுள் மிகச் சிறியது, நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு; 103 அடிகளையுடையது. தலைவன் வருமளவும் தலைவி ஆற்றியிருத்தலே இதன் பொருளென்பர். எனினும், பாட்டின் உயிர்நிலை பாசறையிலேயே உள்ளது. ஆங்குத் துயிலாதிருக்கும் அரசன் மனைவியை நினைந்தானெனப் புலவர் கூறிலர். வெட்டுண்ட யானைகளையும், அம்பு தைத்து உண்ணாது வருந்தும் குதிரைகளையும், செஞ்சோற்றுக்கடன் கழித்து மாண்ட வீரரையுமே அவன் நினைகின்றான். அவற்றுள்ளும், புண்மிக்குப் பிடிக்கூட்டத்தை மறந்த களிற்றை அவன் எண்ணுமிடத்து, மனைவியைப் பிரிந்துவந்த அவன்நிலையே குறிப்பாற் புலனாகின்றது. அன்பு ஈண்டுச் சொல்லப்படாமலே உணர்த்தப்படுகின்றது.

இறுதியில் அரசன் தேர் மீள்கின்றது. அதன் ஒலி தலைவியின் செவியை நிறைக்கின்றது. மாண்டார் மனைகளிலோ அவ்வொலி கேளாது. அம்மனைகளைப் புலவர் பாடிலர். ஆயினும், மாண்டாரை அரசன் நெஞ்சில் நிறுத்தினார். அதனாலன்றோ, மீண்டவன் எய்தும் இன்பம் மீளாதாரை மறந்த இன்பமாகாது சிறக்கின்றது!