உள்விளிம்பும் மையமும்: பழைய பொம்மை ரயில் பாதைகளை அளந்தறிதல்

பழைய பொம்மை ரயில் பாதையை அடையாளம் காண, பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட அளவுகோலையே நம்ப வேண்டும். தண்டவாளத்தின் தலைப்பகுதியில், ஒன்றின் உள்விளிம்பிலிருந்து மற்றதன் உள்விளிம்பு வரை அளப்பதே இன்றைய மரபு. பழைய மரபு வேறு. குழப்பம் அங்கேதான் பிறந்தது.

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மார்க்ளின் நிறுவனம், 1891இல் லைப்சிக் வணிகச் சந்தையில் பாதை அகலங்களுக்கு எண் கொடுத்து வெளியிட்டது. பொம்மை ரயிலுக்கு ஒழுங்கான தர அளவு வந்தது அதன் பிறகுதான் என்பேன். ஆனால் அந்நாளைய அளவுகள் தண்டவாளங்களின் மையத்திலிருந்து மையத்துக்கு எடுக்கப்பட்டவை. 1ஆம் எண்ணுக்கு 48 மி.மீ., 2ஆம் எண்ணுக்கு 54 மி.மீ. அதையே உள்விளிம்பில் அளந்தால் 45, 51 என்று வரும். பிறகு வந்த 0 எண்ணும் அப்படியே: மையத்தில் 35, உள்ளே 32.

நியூயார்க்கின் லயனல் நிறுவனம் 1906இல் கொண்டுவந்த ‘ஸ்டாண்டர்ட்’ பாதையின் உள்ளளவு 54 மி.மீ. மார்க்ளினின் மைய அளவை உள்ளளவு என்று எடுத்துக்கொண்டதால் வந்த எண் இது என்று சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பெயரை லயனல் தன் உரிமையாக வைத்துக்கொண்டதால், போட்டி நிறுவனங்கள் அதே அகலத்தை ‘வைட் கேஜ்’ என்று விற்றன. ஆகவே 54 கிடைத்தால் அமெரிக்கா. 51 கிடைத்தால் பெரும்பாலும் ஐரோப்பா. 45 மட்டும் நாட்டைச் சொல்லாது. அமெரிக்காவின் ஐவ்ஸ் நிறுவனமும் 1920 வரை 1ஆம் எண் பாதை செய்தது.

32 மி.மீ. வந்தால் வேலை முடியவில்லை, தொடங்குகிறது. தகரத்தைக் குழல்போல் மடித்த தண்டவாளமும் தகரக் கட்டைகளும் லயனலிலும் உண்டு, 1920 முதல் வந்த ஹார்ன்பியிலும் உண்டு. நடுத்தண்டவாளம் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் சாவி கொடுத்து ஓடும் ரயிலின் பாதை. லயனலிலேயே இரண்டு உயரங்கள் உண்டு: ‘ஓ’ பாதை சுமார் 17 மி.மீ., ‘ஓ-27’ சுமார் 11. இரண்டிலும் எட்டு வளைவுத் துண்டுகள் சேர்ந்தால் வட்டம் முடியும். விட்டம் முன்னதில் 31 அங்குலம், பின்னதில் 27. அகலம் ஒன்றே என்று நம்பி இரண்டையும் கலந்து வாங்கியவருக்கு, துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோதுதான் உண்மை தெரியும். துருவும் மிதியும் பட்ட துண்டு அகன்றிருக்கும் என்பதால், கட்டைக்கு நேர்மேலே, பல இடங்களில் அளப்பது நல்லது.

22.4 மி.மீ. என்றால் அமெரிக்கன் ஃப்ளையரின் ‘எஸ்’ பாதை. 1946 முதல் இரண்டே தண்டவாளம். 12 மி.மீ. ‘டிடி’, 9 மி.மீ. ‘என்’, 6.5 மி.மீ. ‘இசட்’. இவற்றில் தடுமாற வாய்ப்பில்லை.

16.5 மி.மீ. அகலத்தில் மூன்று தண்டவாளம் இருந்தால் மூன்று மரபுகள் போட்டியிடும். 1935இல் வந்த ட்ரிக்ஸும் மார்க்ளினும் ஜெர்மனியைச் சேர்ந்தவை. 1938இல் வந்த ஹார்ன்பி டப்லோ லிவர்பூலைச் சேர்ந்தது. ட்ரிக்ஸின் தொடக்ககாலப் பாதை பேக்கலைட் அடித்தளத்தில் நிற்கும். மற்ற இரண்டுக்கும் தகர அடித்தளம். ஐயம் நீங்காவிட்டால் மல்டிமீட்டரை இரு ஓரத் தண்டவாளங்களிலும் வைக்கலாம். மின்தொடர்பு இருந்தால் மார்க்ளினோ டப்லோவோ. இல்லையென்றால் ட்ரிக்ஸ்: ஒரே பாதையில் இரண்டு ரயில்களைத் தனித்தனியே ஓட்டுவதற்காக அவர்கள் ஓரத் தண்டவாளங்களைப் பிரித்தே வைத்தார்கள்.