தனியாகச் சாப்பிடுகிறவரும் தட்டு எடுக்கிறவரும்

ஜப்பானிய உணவகம் என்றதும் என் நண்பர்கள் பலருக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது சுஷி இல்லை, 'மிட்நைட் டைனர்'தான். நள்ளிரவில் திறக்கும் சின்னக் கடை, முகத்தில் வெட்டுத் தழும்போடு ஒரு மாஸ்டர், கவுன்ட்டரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். பார்த்துவிட்டு "மனசுக்கு இதமா இருந்துச்சு" என்று சொல்லாத ஆள் குறைவு. இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இதத்துக்காகக் கதை எதையெல்லாம் கண்ணில் படாமல் வைக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்கு இன்னொரு படைப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'கொதோகு நோ குருமே'. தனியாகச் சாப்பிடும் ஒரு ரசிகனின் கதை.

முதலில் 'மிட்நைட் டைனர்'. யாரோ அபே 2006இல் தொடங்கிய மங்கா இது. 2009இல் தொலைக்காட்சிக்கு வந்தது, 2016இல் நெட்ஃப்ளிக்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போனது. ஷின்ஜுகுவின் ஒரு சந்தில் இரவு 12 மணிக்குத் திறந்து காலை 7 மணிக்கு மூடும் கடை. பலகையில் இருக்கும் ஒரே சாப்பாடு, பன்றி இறைச்சி போட்ட மிசோ சூப்பும் சோறும். மற்றதெல்லாம் குடிவகை, அதிலும் ஆளுக்கு மூன்றுதான். ஆனால் நீங்கள் என்ன கேட்டாலும், பொருள் கையில் இருந்தால் மாஸ்டர் செய்து கொடுப்பார்.

இந்தக் கடைசி விதிதான் கதையின் இன்ஜின். ஒவ்வொருவரும் கேட்பது ஒரு பழைய நினைவை. யகூசா ஆள் ரியூ கேட்பது, ஆக்டோபஸ் மாதிரி கீறி வறுத்த சிவப்பு சாஸேஜ். ஜப்பானில் அது குழந்தைகளின் டிபன் பாக்ஸில் இருக்கிற ஐட்டம். கறுப்புக் கண்ணாடி போட்ட ரவுடி அதைக் கேட்கும்போதே பாதிக் கதை சொல்லியாகிவிட்டது. அழகான உத்தி. ஆனால் பத்து அத்தியாயம் பார்த்தபின் போரடிக்கத் தொடங்குகிறது. ஒரு ஆள், ஒரு பதார்த்தம், ஒரு காயம். சாவியைப் போட்டால் பூட்டு திறந்துகொள்ளும். சாப்பாடு சாப்பாடாக இருப்பதே இல்லை, எப்போதும் வேறு ஏதோ ஒன்றுக்குக் குறியீடு.

'கொதோகு நோ குருமே' இதற்கு நேர் எதிர். மசாயுகி குசுமி எழுத, ஜிரோ தனிகுச்சி வரைந்து, 1994இல் தொடராக வரத் தொடங்கிய மங்கா. நாயகன் இனோகாஷிரா கோரோ வெளிநாட்டுப் பொருட்களை இறக்குமதி செய்து விற்கிறவர். சொந்தமாகக் கடை வைத்துக்கொள்ளவில்லை, குடிப்பழக்கமும் இல்லை. வேலையாக ஏதோ ஒரு பேட்டைக்குப் போவார், பசிக்கும், கடை தேடுவார், சாப்பிடுவார், கிளம்புவார். அவ்வளவுதான் கதை. அத்தியாயத் தலைப்புகூட ஊர் பேரும் பதார்த்தத்தின் பேரும்தான்.

முதல் அத்தியாயம் தோக்கியோவின் சான்யாவில் நடக்கிறது. தினக்கூலிகள் தங்கும் பகுதி. பன்றி வறுவலும் சோறும் சொல்கிற கோரோ, கூடவே பன்றி சூப்பும் சொல்லிவிடுகிறார். தட்டு வந்தபிறகுதான் இரண்டிலும் ஒரே கறி என்று உறைக்கிறது. இந்த அசட்டுத்தனம் தனிகுச்சியின் கைக்கு வந்ததும் வேறாகிவிடுகிறது. சுவரில் ஒட்டிய மெனு, பக்கத்து மேசைக்காரர்களின் தோள், எல்லாவற்றையும் ஒரே பொறுமையோடு வரைகிறார். எல்லாம் கறுப்பு வெள்ளை. சிவப்பாக மினுங்கும் மீனைக் காட்டி நம் நாக்கில் எச்சில் ஊற வைக்கும் வசதி அவருக்கு இல்லை. அதனால் நாம் பார்ப்பது பெரும்பாலும் சாப்பிடுகிறவனின் முகத்தை. அந்த முகத்தில் எப்போதும் ஒரு கூச்சம். இந்தக் கடைக்கு நான் அந்நியன் என்ற கூச்சம்.

அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். ஒரு ப்ராஜெக்டுக்காக இரண்டு வருடம் தோக்கியோவில் இருந்தேன், நிஷிகசாயில். நம்மூர் மென்பொருள்காரர்கள் 2000ஐ ஒட்டிய காலத்திலிருந்து குடியேறிய பகுதி அது. ஆனால் பேட்டைக்குள் இருக்கும் சின்னக் கடைக்குள் நுழைவது வேறு விஷயம். வாசலில் நோரென் துணி தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதை விலக்கித் தலையை உள்ளே நுழைத்ததும் மொத்தக் கடையும் திரும்பிப் பார்க்கும். இஸகாயாவில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், அதற்கும் பில் உண்டு. டிப்ஸ் கிடையாது. வாசலிலேயே டிக்கெட் இயந்திரம் வைத்த ராமென் கடைகள் எனக்குப் பெரிய நிம்மதி. காசைப் போடு, பட்டனை அழுத்து, சீட்டை நீட்டு. யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். நான் கோரோவின் கட்சி என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு படைப்புகளுக்கும் நடுவில் இருக்கிற உண்மையான சண்டை இதுதான். மாஸ்டரின் கடையில் ஆறுதல் என்பது நம்மைத் தெரிந்துவைத்திருக்க ஒருவர் இருப்பது. கோரோவுக்கு ஆறுதல் என்பது யாருக்கும் நம்மைத் தெரியாமல் இருப்பது. பெருநகரம் இந்த இரண்டையும் தருவதாகச் சொல்கிறது, இரண்டிலும் ஏமாற்றுகிறது.

எப்படி ஏமாற்றுகிறது என்பதை மங்காவின் ஒரே ஒரு அத்தியாயம் சொல்லிவிடுகிறது. இடம் ஓயாமா. ஹாம்பர்க் லஞ்ச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் கோரோ. கடை முதலாளி அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டு மாணவனை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே திட்டித் தீர்க்கிறார். கோரோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து சொல்லிவிடுகிறார். சாப்பிடும்போது மனிதன் யாருடைய தொந்தரவும் இல்லாமல், விடுதலையாக, ஒருவிதத்தில் காப்பாற்றப்பட்டவனாக இருக்க வேண்டும் என்கிற மாதிரி. முதலாளி கை வைக்க, கோரோ அவர் கையை முறுக்கிப் பிடித்துவிடுகிறார். அதை நிறுத்தச் சொல்வது யார் தெரியுமா? திட்டு வாங்கிய அதே மாணவன்.

இணையத்தில் இந்தக் காட்சி ஒரு மீம். எனக்கு அது மொத்த மங்காவின் முதுகெலும்பு. என் மேசையின் சுதந்திரம் எனக்கு மட்டும் சொந்தம் என்று இத்தனை நாள் நம்பிய ஆள், தட்டைக் கொண்டுவருகிறவனுக்குச் சுதந்திரம் இல்லையென்றால் தன் வாய்க்கும் ருசி இல்லை என்று கண்டுகொள்கிறான். கண்டுகொண்டு அவன் செய்வதும் சரியாக வரவில்லை. சண்டை போட்டுவிட்டு கோரோ கிளம்பிவிடலாம். மாணவனுக்கு அங்கே வேலை இருக்கிறது. அதனால்தான் அவன் 'வேண்டாம்' என்கிறான். யாரையும் நாயகனாக்காமல் முடிகிற அந்தப் பக்கத்துக்காக இந்த மங்காவை எத்தனை முறையும் படிப்பேன்.

2012இல் யுதாகா மட்சுஷிகே நடிக்கத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அப்படியொரு நடிப்பு. ஆனால் தொடரில் வரும் கடைகள் நிஜக் கடைகள். அத்தியாயம் முடிந்ததும் குசுமியே அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நிஜக் கடை என்றால் சாப்பாடு மோசமாக இருக்க முடியாது, முதலாளி கெட்டவராக இருக்கவே முடியாது. மங்காவில் சொதப்பவும் சங்கடப்படவும் கோரோவுக்கு இடம் இருந்தது. தொடரில் அவருக்கு மிச்சம் திருப்தி மட்டும்தான். இதில் யாருடைய தப்பும் இல்லை. வடிவமே அப்படி முடிவு செய்துவிட்டது.

அந்த மாணவன் இப்போதும் இருக்கிறான். ஜப்பானில் மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். நேபாளிகளும் வியத்நாமியர்களும் இல்லாமல் தோக்கியோவின் இஸகாயாக்கள் ஓடாது. நிஷிகசாயில் நான் போன ஒரு கடையில் நேபாளிப் பையன் ஒருவன் பரிமாறினான். என் அரைகுறை ஹிந்தியில் பேசினேன், "சார், ஜப்பானீஸே பேசுங்க, அது பரவால்ல" என்றான் சிரித்துக்கொண்டே. மணிக்கணக்கை போனில் குறித்து வைத்திருந்தான். அந்த வாரம் இன்னும் நாலு மணி நேரம் பாக்கி.

'மிட்நைட் டைனரி'ல் இவனுக்கு இடமில்லை, காரணம் எளிது. மாஸ்டர் தனி ஆள். சமையல், பரிமாறல், கழுவல், கல்லா எல்லாம் அவரே. வேலைக்காரன் என்று ஒருவன் இல்லாததால் முதலாளி என்று ஒருவரும் இல்லை. அந்த இதம் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. அந்தக் கவுன்ட்டரில் யகூசாவும் நடனக்காரியும் கே பார் நடத்துகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள், யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தச் சமத்துவம் கவுன்ட்டருக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. உள்ளே நிற்கிறவர் எப்போது தூங்குகிறார், தழும்பு எப்படி வந்தது, ஒன்றும் சொல்லப்படுவதில்லை. அதை மர்மம் என்று ரசிக்கிறோம். நம்மைத் தெரிந்துவைத்திருக்க ஒருவர் வேண்டும், அவரைத் தெரிந்துகொள்ளும் சிரமம் மட்டும் வேண்டாம்.

இதம் வேண்டியிருக்கும் இரவுகளில் நானும் 'மிட்நைட் டைனர்'தான் போடுவேன். ஆனால் நண்பர் யாராவது எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ஓயாமா அத்தியாயத்தைக் கையில் கொடுப்பேன். அதைப் படித்தபிறகு எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் கண் ஒருமுறையாவது அடுக்களைப் பக்கம் போய்விட்டு வரும்.